முழுப் பாடத்தையும் பார்த்து முடித்தவர்கள் கணக்கு எழுதத் தடுமாறுகிறார்கள்: இணையவழிப் பாடநெறியை எங்கிருந்து திருத்துவது?

கேள்வி கேட்டவர்: பேரேட்டுப்பக்கம்

அனைவருக்கும் வணக்கம். நான் பல ஆண்டுகளாக வகுப்பறையில் கணக்குப்பதிவியல் கற்பித்து வருபவன். கடந்த ஆண்டு அதே பாடத்தை எட்டு வார இணையவழிப் பாடநெறியாக மாற்றினேன். கணக்கியலை முன்பின் அறியாத, பெரும்பாலும் வேலைக்குச் சென்றுகொண்டே படிக்கிற பெரியவர்களுக்கானது அது. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் (இடப்பக்கம்) மற்றொன்றில் வரவாகவும் (வலப்பக்கம்) எழுதும் இரட்டைப்பதிவு முறையில் தொடங்கி, குறிப்பேடு (நாள்வரிசைப் பதிவு), பேரேடு (கணக்குவாரியான ஏடு), இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைக் கூட்டி ஒப்பிடும் பட்டியல்), வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் (நம் ஏட்டை வங்கி அறிக்கையோடு ஒப்பிடுவது), பிழைத்திருத்தம் என்று நகர்ந்து இறுதிக் கணக்குகளில் முடியும்.

வகுப்பில் நடத்தும் வரிசையைச் சற்றும் மாற்றாமல், ஒவ்வொரு வகுப்பையும் நாற்பது முதல் ஐம்பது நிமிடக் காணொலியாகப் பதிவு செய்தேன். ஒவ்வொரு வார முடிவிலும் பத்துப் பலவுள் தெரிவு வினாக்கள் உண்டு. பாடம் குறித்துப் பேசுவதற்கு ஒரு விவாதப் பகுதியும் வைத்தேன்; அதில் வாரந்தோறும் 'இந்த வாரப் பாடம் பற்றிய உங்கள் கருத்துகளைப் பகிருங்கள்' என்று எழுதி வந்தேன். முதல் வாரத்தில் நன்றி தெரிவித்துப் பலர் எழுதினார்கள். நான்காம் வாரத்திற்குப் பிறகு அங்கே எவரும் வரவில்லை.

என்னை வருத்தும் செய்திகள் இரண்டு. சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்றாம் வாரத்தைத் தாண்டவில்லை. பேரேட்டில் எடுத்தெழுதி இருப்புக் கட்டும் பாடம் வருகிற வாரம் அது. இதைவிடப் பெரிய வருத்தம், முழுவதும் முடித்தவர்களைப் பற்றியது. அவர்கள் வார வினாக்களில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். 'உள்வருவதைப் பற்று வைக்கவும், வெளிச்செல்வதை வரவு வைக்கவும்' என்ற விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள். ஆனால் கடைசியில் ஒரு சிறு வணிகத்தின் ஒரு மாத ரசீதுகளையும் வங்கி அறிக்கையையும் கொடுத்து, கணக்கு எழுதி இருப்பாய்வு தயாரிக்கச் சொன்னபோது, எந்தச் சீட்டிலிருந்து தொடங்குவது என்றே தெரியாமல் பெரும்பாலோர் நின்றுவிட்டார்கள்.

வகுப்பறையில் இப்படி நேர்ந்ததில்லை. காணொலிகளின் தரத்தை உயர்த்த வேண்டுமா, அசைவூட்டப் படங்கள் சேர்க்க வேண்டுமா, புள்ளிகளும் பதக்கங்களும் கொடுத்து ஆர்வத்தைத் தூண்ட வேண்டுமா என்று பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். பாடநெறியை மறுபடி கட்டுவதற்கு எனக்கு நான்கு மாத காலம் இருக்கிறது. உங்களில் இதைச் செய்து பார்த்தவர்கள், எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று சொன்னால் மிகுந்த உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: செய்முறைச்சுவடி

வணக்கம் ஐயா. உங்கள் கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் கடைசியில் கொடுத்த அந்த ரசீதுக் கட்டுதான் உங்கள் பாடநெறியின் உண்மையான நோக்கம். ஆனால் எட்டு வாரங்களில் மாணவர்கள் அதை முதன்முதலாகப் பார்த்தது எட்டாவது வாரத்தில். அதற்கு முன்பு அவர்கள் செய்தது கேட்டதும், சரியான விடையை அடையாளம் கண்டதும் மட்டுமே. எதைப் பழகினார்களோ அதில் தேர்ந்திருக்கிறார்கள்.

வகுப்பறையில் ஏன் இப்படி நேரவில்லை என்றால், அங்கே நீங்கள் அறியாமலேயே நிறையச் செய்துகொண்டிருந்தீர்கள். ஒரு பதிவைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, 'அடுத்தது என்ன?' என்று கேட்டு நிறுத்துவீர்கள். மாணவர் நோட்டில் எழுதுவதை நடந்தபடியே எட்டிப் பார்ப்பீர்கள். மூன்று பேர் ஒரே தவற்றைச் செய்திருந்தால் அங்கேயே நின்று திருத்துவீர்கள். பதிவு செய்தபோது உங்கள் பேச்சு மட்டும் காணொலிக்குள் வந்தது. கற்பித்தலின் மற்ற பாதி வகுப்பறையிலேயே தங்கிவிட்டது.

ஆகவே காணொலியிலிருந்து தொடங்காதீர்கள். கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை என்ற இரு கல்வியாளர்கள் 1998-இல் முன்வைத்த முறை ஒன்று உண்டு. முதலில் கற்றவர் கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்வது, பிறகு அதை அவர் செய்துவிட்டார் என்பதற்கு எது சான்று என்று வகுப்பது, அதன் பின்னரே பாடத்தைத் திட்டமிடுவது என்பது அதன் வரிசை. கேட்பதற்கு எளிமையாக இருந்தாலும், பாடத்தை நன்கறிந்த ஆசிரியர்களுக்கு இது மிகவும் கடினம், ஏனென்றால் நம் மனத்தில் பாடம் தலைப்புகளாக அடுக்கப்பட்டிருக்கிறது, செயல்களாக அல்ல. அந்த ரசீதுக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே மெதுவாகச் செய்யுங்கள். கையும் மனமும் செய்யும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஒரு சீட்டைப் பார்த்ததும் இது ரொக்கமா கடனா என்று பிரிக்கிறீர்கள். எந்த இரண்டு கணக்குகள் தொடர்புபடுகின்றன என்று தீர்மானிக்கிறீர்கள். எது பற்று, எது வரவு என்று முடிவு செய்கிறீர்கள். இது சொத்தா செலவா என்று ஒரு கணம் தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கம் மிக முக்கியமானது. நீங்கள் தயங்கும் இடங்களில்தான் மாணவருக்குப் பயிற்சி அதிகம் தேவை, ஆனால் வழக்கமான பாடத்திட்டத்தில் அவற்றுக்குத் தலைப்பே இருப்பதில்லை.

பட்டியல் தயாரான பின், உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு காணொலியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் செயலுக்கும் உதவாத பகுதிகள் கணிசமாக இருக்கும். அவற்றை அழிக்க வேண்டியதில்லை. 'மேலும் அறிய' என்று தனியாக ஒதுக்கி வைக்கலாம். எந்தக் காணொலியும் தொடாத செயல்களும் இருக்கும். உங்கள் நான்கு மாத காலத்தின் பெரும்பகுதி அவற்றுக்குச் செல்ல வேண்டும்.

செய்து கற்பதன் வலிமை பற்றி நல்ல சான்று உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கென்னத் கோடிங்கரும் உடன் பணியாற்றியவர்களும் 2015-இல் ஓர் இணையவழி உளவியல் பாடநெறியின் தரவுகளை ஆராய்ந்தார்கள். கூடுதலாகக் காணொலி பார்ப்பதற்கும் கூடுதலாகப் படிப்பதற்கும் கற்றலோடு இருந்த தொடர்பைவிட, ஊடாடும் பயிற்சிகளைக் கூடுதலாகச் செய்வதற்கு இருந்த தொடர்பு ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 'செய்யவிடு' என்று சொன்னதும் சிலர் முதல் நாளே முழுக் கட்டையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். புதியவருக்கு அது கற்றலாக இராது, மூழ்கலாகத்தான் இருக்கும். ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் காட்டியது போல, தொடக்க நிலையில் இருப்பவர் தீர்க்கப்பட்ட எடுத்துக்காட்டுகளைப் படிப்பதிலிருந்தே அதிகம் பெறுகிறார்; வெறுமனே கணக்குகளைத் தீர்க்கப் போராடும்போது அவருடைய கவனமெல்லாம் வழி தேடுவதிலேயே செலவாகிவிடுகிறது. தேர்ச்சி வளர வளர இது தலைகீழாகிறது. அப்போது முழு எடுத்துக்காட்டு தடையாகிவிடும். எனவே முதலில் ஒரு பரிவர்த்தனையை முழுவதும் எழுதிக் காட்டுங்கள். இரண்டாவதில் வரவுப் பக்கத்தை மட்டும் வெற்றிடமாக விடுங்கள். மூன்றாவதில் கணக்கின் பெயர்களையும் விட்டுவிடுங்கள். நான்காவதில் சீட்டு மட்டும் இருக்கட்டும். இந்த நான்கு படிகளும் ஒரே அமர்வில் முடிந்துவிடும்; ஆனால் மாணவரின் கை முதல் பதினைந்து நிமிடத்திற்குள் எழுதத் தொடங்கியிருக்கும்.

இனிப் பின்னூட்டம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது என்பதால் சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இணையவழிப் பயிற்சியில் 'தவறு, மீண்டும் முயல்க' என்பது போலப் பயனற்ற வாக்கியம் வேறில்லை. நீங்கள் இத்தனை ஆண்டுகள் திருத்திய விடைத்தாள்கள் உங்களிடம் இருக்கும் பெரும் செல்வம். மாணவர்கள் எப்படியெல்லாம் தவறுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அலுவலகத்திற்கு அறைகலன் கடனுக்கு வாங்கிய பரிவர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான பதிவு அறைகலன் கணக்கைப் பற்று வைத்து, விற்றவரின் கணக்கை வரவு வைப்பது. ரொக்கக் கணக்கை வரவு வைத்தவர் 'கடனுக்கு' என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. கொள்முதல் கணக்கைப் பற்று வைத்தவர், மறுவிற்பனைக்கு வாங்குவதையும் பயன்பாட்டுக்கு வாங்குவதையும் பிரித்தறியவில்லை; இப்படித் தவறான வகைக் கணக்கில் எழுதுவது விதிப்பிழை. இரு பக்கங்களையும் மாற்றி எழுதியவருக்கு விதியே பதியவில்லை. பலவுள் தெரிவு வினாவின் தவறான விடைகள் இந்த மூன்றாகவே இருந்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இரண்டு வரி விளக்கம் வருமானால், நீங்கள் பக்கத்தில் நின்று நோட்டை எட்டிப் பார்ப்பதற்கு அது ஓரளவு ஈடாகும்.

இருப்பாய்விலும் இதையே செய்யலாம். இரு பக்கக் கூட்டல்களும் ஒத்துவராதபோது வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சொல்லுங்கள். 54-ஐ 45 என எழுதினால் வேறுபாடு 9. அப்படி இல்லையென்றால், வேறுபாட்டில் பாதித் தொகை எங்கேனும் தவறான பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். விடையைச் சொல்லிவிடாமல் தேடும் வழியைக் கற்றுக்கொடுக்கும் பின்னூட்டம் இது. உண்மையான வேலையில் கணக்கர் செய்வதும் இதுவே.

புள்ளிகளும் பதக்கங்களும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவற்றில் காலத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. இருப்பாய்வு முதன்முறையாகத் தானாகவே ஒத்துவரும்போது ஒருவர் அடையும் நிறைவுக்கு முன்னால் பதக்கம் ஒன்றும் பெரிதல்ல. அந்தத் தருணத்தை எட்டாவது வாரத்திலிருந்து இரண்டாவது வாரத்திற்குக் கொண்டுவருவது எப்படி என்று யோசியுங்கள்.

மறுமொழி 2: ஒலியும்ஒளியும்

மேலே நண்பர் சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. காணொலி தயாரிப்பில் இருப்பவன் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடநெறித் தளத்தின் நான்கு பாடநெறிகளில் காணொலிகள் பார்க்கப்பட்ட 69 லட்சம் அமர்வுகளை அலசினார்கள். காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்ப்பவர் அதில் செலவிட்ட நேரத்தின் இடைநிலை அளவு (நடுமதிப்பு) ஆறு நிமிடங்களைத் தாண்டவில்லை. இதைப் படித்தவுடன் பலர் ஐம்பது நிமிடப் பதிவைக் கத்தரித்து எட்டுத் துண்டுகளாக ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஆய்வே அதற்கும் விடை சொல்கிறது: வகுப்பறைப் பதிவைப் பின்னர் துண்டாக்கியவற்றைவிட, தொடக்கத்திலேயே சிறு காணொலியாகத் திட்டமிட்டவை கூடுதலாகப் பார்க்கப்பட்டன. ஆகவே உங்கள் பழைய பதிவுகளை வெட்டாதீர்கள். ஒரு காணொலிக்கு ஒரு செயல் என்று வைத்து, புதிதாகப் பேசுங்கள். எழுத்து நிறைந்த ஸ்லைடுகளைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கும் காணொலிகள் அதே ஆய்வில் சிறப்பாக ஈர்த்தன. பதிவுகளை வரி வரியாக எழுதிக் காட்ட வேண்டிய உங்கள் பாடத்திற்கு இது இயல்பாகவே பொருந்தும். விலையுயர்ந்த படப்பிடிப்புக் கூடம் தேவையில்லை. ஒலி மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூட இரைச்சலான ஒலியைப் பொறுத்துக்கொள்வதில்லை என்பது என் அனுபவம்.

ஸ்லைடில் இருக்கும் பத்தியை அப்படியே வாய்விட்டுப் படிக்காதீர்கள். ஒரே சொற்களைக் கண்ணும் காதும் ஒரே நேரத்தில் பெறும்போது கற்றல் குறைகிறது என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் சோதனைகளில் தொடர்ந்து கிடைத்த முடிவு. பேரேட்டுப் பக்கம் திரையில் இருக்கட்டும், விளக்கம் குரலில் வரட்டும். சப்டைட்டில் வேறு வகை. காது கேளாதோருக்கும், ஒலியை இயக்க முடியாத இடத்தில் படிப்பவருக்கும் அது அவசியம் என்பதால், வேண்டுபவர் இயக்கிக்கொள்ளும்படி எல்லாக் காணொலிக்கும் கட்டாயம் கொடுங்கள்.

உங்கள் பாடத்திற்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பற்றைச் சிவப்பிலும் வரவைப் பச்சையிலும் காட்டும் வழக்கம் பலரிடம் உண்டு. நிறக்குருடு உள்ளவர்களில் பெரும்பாலோர் பிரித்தறியத் திணறும் இரண்டு நிறங்கள் இவையே. இணைய உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டி, நிறத்தை மட்டுமே நம்பித் தகவலைச் சொல்லக்கூடாது என்கிறது. வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற வேறுபாட்டு விகிதமும் கேட்கிறது. பக்கத்தின் தலைப்பில் 'பற்று', 'வரவு' என்ற சொற்கள் எப்போதும் தெரியட்டும். பேரேட்டின் அகலமான அட்டவணை கைப்பேசித் திரையில் எப்படித் தெரிகிறது என்பதையும் பாருங்கள். வேலைக்குச் சென்றுகொண்டே படிப்பவர்கள் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். உங்கள் மூன்றாம் வார இழப்பில் ஒரு பங்கு இந்த அட்டவணையால் வந்ததாகவும் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்: பேரேட்டுப்பக்கம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரசீதுக் கட்டை முன்வைத்து நானே செய்து பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் எழுதிய செயல்களின் பட்டியலில், என் காணொலிகள் எங்கும் கற்றுத்தராத ஏழு இருந்தன. 'இந்தச் சீட்டு ஏற்கெனவே பதியப்பட்ட ஒன்றின் நகலா?' என்று சரிபார்ப்பது அவற்றில் ஒன்று. இத்தனை ஆண்டுகளில் அதை ஒருமுறைகூடப் பாடமாகச் சொன்னதில்லை என்பதை எண்ணி வருந்தினேன்.

ஆனால் ஒரு தடையையும் சந்தித்தேன். முன்பு படித்தவர்களில் சிலரை அழைத்து, சிறு காணொலியும் நான்கு படிப் பயிற்சியுமாக ஒரு பாடத்தைக் கொடுத்துப் பார்த்தேன். 'முன்பு நீங்கள் நடத்தியது தெளிவாகப் புரிந்தது. இப்போது எங்களையே கேள்வி கேட்கிறீர்கள், குழப்பமாக இருக்கிறது' என்று இரண்டு பேர் எழுதினார்கள். அவர்கள் விரும்பாததைத் திணித்தால், மூன்றாம் வாரம் வரை வந்தவர்கள் முதல் வாரத்திலேயே சென்றுவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 3: மாலைவகுப்பு

ஐயா, அந்த இரண்டு கடிதங்களையும் தோல்வியாகக் கொள்ள வேண்டாம். கற்றோம் என்ற உணர்வும் கற்றலும் ஒன்றல்ல என்பதே இந்தத் துறையில் நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்ட செய்தி.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியரும் உடன் பணியாற்றியவர்களும் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஒரே பாடப்பொருளை ஒரு பிரிவினர் நல்ல விரிவுரையாகக் கேட்டார்கள். மற்றொரு பிரிவினர் தாமே தீர்த்துப் பார்க்கும் முறையில் கற்றார்கள். தேர்வில் இரண்டாம் பிரிவினர் மேலான மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள் என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்களே கூடுதலாகச் சொன்னார்கள். தெளிவான பேச்சைக் கேட்கும்போது அந்தத் தெளிவு நம்முடையது போலத் தோன்றிவிடுகிறது. தானே எழுதும்போது எழும் தடுமாற்றம், கற்காததன் அடையாளம் போலத் தோன்றுகிறது.

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனையும் இதையே வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. ஒரு பகுதியைப் படித்தபின் அதையே மீண்டும் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் 81 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். மீண்டும் படிப்பதற்குப் பதிலாக நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 42, பின்னவர்கள் 56. உங்கள் வார இறுதி வினாக்கள், பாடத்தைப் பார்த்த கையோடு பதிலளிக்கப்பட்டவை என்று எண்ணுகிறேன். அந்த மதிப்பெண்கள் அந்த ஐந்து நிமிட வெற்றியைத்தான் அளந்தன. முதல் வாரப் பரிவர்த்தனைகளில் இரண்டை மூன்றாம் வாரத்திலும், மூன்றாம் வாரத்தினுடையதை ஆறாம் வாரத்திலும் அறிவிப்பின்றிக் கேளுங்கள். உண்மை நிலை தெரியும், மறதியும் தடுக்கப்படும்.

மாணவர்களிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. முதல் நாளிலேயே, 'இங்கே நீங்கள் அடிக்கடி தடுமாறுவீர்கள். அப்படித்தான் இந்தப் பாடம் அமைக்கப்பட்டிருக்கிறது. தவறிய பயிற்சிகளுக்கு மதிப்பெண் குறையாது' என்று உங்கள் முகத்தைக் காட்டியே சொல்லுங்கள். பெரியவர்கள் காரணம் தெரிந்தால் உழைப்பார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் படிக்க வந்திருப்பவருக்குத் தவறுதல் மிகவும் கூச்சமான ஒன்று. தனக்கு மட்டுமே இப்படி நேர்கிறது என்று நினைத்துத்தான் அவர் ஓசையின்றி விலகுகிறார்.

விவாதப் பகுதி வெறிச்சோடியதற்குக் காரணம் அந்தக் கேள்விதான். 'கருத்துகளைப் பகிருங்கள்' என்பதற்கு நன்றி சொல்வதைத் தவிர என்ன எழுத முடியும்? ஒருவர் எழுதுவதைப் படிக்க மற்றவருக்குக் காரணம் இருக்க வேண்டும். இருப்பாய்வு ஒத்துவந்தும் உள்ளே பிழை இருக்கும் ஒரு கணக்கைக் கொடுங்கள். ஒரு பிழையை மற்றொரு பிழை சமன்செய்துவிடும் ஈடுசெய் பிழையோ, விதிப்பிழையோ இருக்கட்டும். பிழை எங்கே என்று சொல்லாமல், எதைப் பார்த்து ஐயம் வந்தது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஒருவருடைய குறிப்பு மற்றவருக்குத் துப்பாகும்.

ஆசிரியராகிய நீங்களும் அங்கே தென்பட வேண்டும். எல்லாருக்கும் பதில் எழுத நேரம் இருக்காது. வாரம் ஒருமுறை, அந்த வாரம் பலரும் செய்த ஒரு தவற்றை எடுத்து நான்கு நிமிடம் பேசிப் போடுங்கள். படத்தொகுப்பு எதுவும் தேவையில்லை. அந்த வாரம்தான் பேசப்பட்டது என்று தெரிவதே அதன் மதிப்பு. செயல்தாள்களைத் திருத்தும்போது மதிப்பெண்ணைத் தள்ளிப்போட்டுக் குறிப்புரையை மட்டும் முதலில் அனுப்புங்கள். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்களின் ஆர்வமும் அடுத்த முயற்சியும் மேம்பட்டன. குறிப்புரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை.

பாதியில் விட்டவர்களைப் பற்றியும் ஒரு சொல். எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்கள் எட்எக்ஸ் தளத்தில் வழங்கிய இலவசப் பாடநெறிகளில் 2017-18-இல் சேர்ந்தோரில் முடித்தவர்கள் 3.13 விழுக்காடுதான் என்று ஜஸ்டின் ரீச்சும் ஹோசே ருயிபெரெஸ்-வாலியென்டேவும் 2019-இல் கணக்கிட்டார்கள். பார்த்துவிட்டுப் போக வந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்பதால், உங்களுடையதோடு அதை நேராக ஒப்பிட வேண்டாம். விலகியவர்களில் பத்துப் பேரையாவது தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள் என்பதே என் வேண்டுகோள். கருத்துப் படிவம் அனுப்பினால், விலகாதவர்கள்தான் நிரப்புவார்கள்.

கேள்வி கேட்டவர்: பேரேட்டுப்பக்கம்

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஒன்பது பேரிடம் பேசினேன். நான் எதிர்பார்த்தது போல எவரும் 'சலிப்பாக இருந்தது' என்று சொல்லவில்லை. ஆறு பேர் ஏறத்தாழ ஒரே செய்தியைச் சொன்னார்கள்: ஒரு வாரம் வேலைப் பளுவில் தவறிவிட்டது, அடுத்த வாரம் திறந்தபோது நான்கு மணி நேரக் காணொலி காத்திருந்தது, எங்கே விட்டோம் என்று தெரியவில்லை, பிறகு திறக்கவே மனம் வரவில்லை.

இதை மனத்தில் வைத்து மூன்றாம் வாரத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். ஐந்து சிறு காணொலிகள், எதுவும் ஏழு நிமிடத்தைத் தாண்டாது. ஒவ்வொன்றுக்கும் பின் நான்கு படிப் பயிற்சி. வாரம் முழுவதும் ஒரே கற்பனை வணிகத்தின் பன்னிரண்டு சீட்டுகள். முடிவில் அவற்றிலிருந்து ஒரு சிறிய இருப்பாய்வு. தவறவிட்டவர்களுக்காக, முதலிரண்டு வாரங்களை இருபது நிமிடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு திரும்பிப்பார்க்கும் பாடம். வார இறுதியில் அதே பத்து வினாக்கள், இப்போது ஒவ்வொரு தவறான விடைக்கும் தனி விளக்கத்துடன். வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன்; குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி 4: செய்முறைச்சுவடி

ஐயா, பன்னிரண்டு சீட்டுகளும் ஒரே வணிகமும் மிகச் சரியான தேர்வு. ஒவ்வொரு பயிற்சியிலும் புதிய சூழலைப் படித்துப் புரிந்துகொள்ளும் சுமை நீங்கிவிடும். மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்.

உங்கள் சீட்டுகள் பாட வரிசையிலேயே வருகின்றன: ரொக்கக் கொள்முதல் மூன்று, கடன் கொள்முதல் மூன்று, பிறகு விற்பனை. இப்படி அடுக்கினால், மூன்றாவது சீட்டுக்கு வரும்போது மாணவர் அதைப் படிக்காமலேயே முன்னதைப் பார்த்து எழுதிவிடுவார். முதல் நான்கை வேண்டுமானால் அப்படி வைத்து, மீதியைக் கலைத்துவிடுங்கள். எந்த வகை என்று இனங்காண்பதுதான் அந்த ரசீதுக் கட்டில் அவர்களை நிறுத்திய முதல் தடை.

திரும்பிப்பார்க்கும் பாடத்தைக் காணொலியாக வைத்திருக்கிறீர்கள். அதை ஆறு சீட்டுகளாக மாற்றுங்கள். அவற்றைச் சரியாக எழுதிவிட்டவர் நேரே மூன்றாம் வாரத்திற்குச் செல்லட்டும். எதில் தவறினாரோ அந்த ஒரு காணொலிக்கு மட்டும் இணைப்புக் கொடுங்கள். ஒரு வாரம் தவறவிட்டவருக்கு, தனக்கு இன்னும் எவ்வளவு தெரிகிறது என்று காட்டுவதே திரும்ப வருவதற்கான வழி; இருபது நிமிடக் காணொலி அவருக்கு மேலும் ஒரு பாக்கியாகத்தான் தெரியும்.

அந்தப் பத்து வினாக்களில் நான்கு, வரையறையைக் கேட்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு, பன்னிரண்டு சீட்டுகளுக்குள் ஏற்கெனவே பதியப்பட்ட ஒன்றின் நகலைப் பதின்மூன்றாவதாகச் சேருங்கள். நீங்கள் வருந்திச் சொன்ன அந்தச் செயலுக்கு அப்போது பாடத்தில் ஓர் இடம் கிடைத்துவிடும். இரண்டு முறை பதிந்தவருக்கு இருப்பாய்வு ஒத்துத்தான் வரும் என்பதால், வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் ஏன் தேவை என்ற கேள்வியை அடுத்த வாரத்திற்கு அவரே எடுத்துக்கொண்டு வருவார். அந்தச் சீட்டு மட்டும் வங்கி வழியாகப் பணம் செலுத்தியதாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வங்கி அறிக்கையில் அது வெளிப்படாது.